யாரும் எடுத்துப் போகாத புத்தகம்

ஐந்து வருடமாக ஒருவரும் வீட்டுக்கு எடுத்துப் போகாத புத்தகங்கள் என்று கம்ப்யூட்டர் ஒரு பட்டியல் கொடுத்திருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு. மறுநாள் காலை பழைய காகிதம் எடுக்கும் லாரி வரும். அதற்குள் எல்லாவற்றையும் இறக்கிக் கட்டுப் போட வேண்டும். எங்கள் கல்லூரி நூலகத்தில் தூக்குவது, அடுக்குவது எல்லாம் நான்தான். பட்டியலைப் பார்த்ததுமே முட்டி இரண்டும் முனகின.

பதினேழாவது கட்டுப் போடும்போது அது கைக்கு வந்தது. மோட்டாருக்குச் சுருள் கட்டுவதைப் பற்றிய தடிப் புத்தகம். அதன் முதுகுக்கு நானே மூன்று முறை துணி ஒட்டியிருக்கிறேன். ஒரே பிரதி. மாலை வகுப்பில் என் மகள் அதை வைத்துத்தான் படிக்கிறாள். பரீட்சைக்கு ஒன்பது நாள் இருந்தது.

நேராக நூலகர் அம்மாவின் மேசைக்குப் போனேன். அவர் இந்த வருடம்தான் வந்தவர்.

"அம்மா, இந்தப் பட்டியல் தப்பு."

பக்கத்திலிருந்த உதவியாளன் சிரித்தான். எந்நேரமும் திரையையே வெறிப்பதால் அவனுக்கு ஆந்தை என்று பெயர். "அண்ணே, நீங்க எழுத்துக் கூட்டினதே நாப்பத்திரண்டு வயசுல. அதுக்குள்ள கம்ப்யூட்டருக்கே திருத்தம் போட வந்துட்டீங்களா?"

"எழுத்துதான்டா லேட்டா வந்துச்சு. கண்ணு பொறந்தப்பவே வந்துடுச்சு."

நூலகர் புத்தகத்தின் எண்ணைத் தட்டிப் பார்த்தார். "ஒரு தடவகூட வெளிய போகலையே?"

"போகாதும்மா. ஒருத்தர் கொண்டுபோனா மத்த பத்து பேருக்கு இல்ல. அதனால இங்கயே உக்காந்து படிக்கணும்னு பிள்ளைங்க தங்களுக்குள்ள பேசி வச்சிருக்காங்க. பட்டியல்ல இது மாதிரி இன்னும் நிறைய இருக்கு."

"இவர் பொண்ணும் இதத்தான் படிக்குது மேடம்," என்று போட்டுக்கொடுத்தான் ஆந்தை.

நூலகரின் புருவம் ஏறியது. "ஓ, அதான் விஷயமா?"

"அதுவும்தான், இல்லன்னு சொல்லல. ஆனா இன்னிக்கு அவளுக்கு வேலை, வரமாட்டா. பிள்ளைங்க படிச்சிட்டு மேசையில போட்டுட்டுப் போற புத்தகத்த இன்னிக்கு அலமாரியில வைக்காம தள்ளுவண்டியிலயே சேர்த்து வைக்கிறேன். சாயந்திரம் நீங்களே பட்டியலோட ஒத்துப் பாருங்க. நான் சொன்னது பொய்னா அத்தனையையும் நானே லாரியில ஏத்துறேன்."

"எப்படியும் நீங்கதானே ஏத்தணும்," என்றான் ஆந்தை.

நூலகர் சிரித்துவிட்டார். "சரி, பாப்போம்."

கட்டியதையெல்லாம் அவிழ்த்து இருந்த இடத்திலேயே அடுக்கினேன். இடுப்பு விட்டுப் போயிற்று.

சாயங்காலம் வண்டியில் ஐம்பத்தெட்டுப் புத்தகங்கள் சேர்ந்திருந்தன. ஆந்தை ஒவ்வொன்றாகப் பட்டியலில் தேடினான். போகப் போக அவன் குரல் இறங்கியது. நாற்பத்தொன்று பட்டியலில் இருந்தன.

"ஆனா உங்க மோட்டார் புத்தகம் வண்டியில காணோமே?" என்றார் நூலகர்.

"விட்டாத்தானே அது வண்டிக்கு வரும்? அங்க பாருங்க."

ஜன்னலோர மேசையில் அந்தப் புத்தகத்தின் மேல் மூன்று தலைகள் கவிழ்ந்திருந்தன. நாலாவது ஒருத்தி எதிர்ப்பக்கம் உட்கார்ந்து படத்தைத் தலைகீழாகப் பார்த்தே வரைந்துகொண்டிருந்தாள். நூலகர் அவர்கள் பின்னால் போய் நின்றார். ஒருவரும் நிமிரவில்லை.

திரும்பி வந்தவர் லாரிக்காரருக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்றார். பிறகு ஆந்தையின் மேசையிலிருந்த, புத்தகத்தின் பார்கோடைப் படிக்கும் கருவியை எடுத்து என் கையில் வைத்தார். "இனிமே மேசையிலேர்ந்து எடுக்கிற ஒவ்வொண்ணையும் இதுல பதிவு பண்ணிட்டுத்தான் அடுக்கணும். தினமும்."

"வாயக் கொடுத்து வேலைய வாங்கிட்டீங்களே அண்ணே!"

"நீ தள்ளி நில்லு. குறி தப்பி உன்னைப் பதிவு பண்ணிடப் போறேன்."

ஐம்பத்தெட்டையும் முடித்தேன். அந்த ஒன்று மட்டும் பாக்கி. மூடும் மணி அடித்தும் அவர்கள் எழுந்திருக்கவில்லை. நானும் விரட்டவில்லை, கருவியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.