நானூற்று ஐம்பத்தாறு மணி நேரத் தாமதம்

ஆறாவது ஸ்டேஷனுக்குப் போக வேண்டிய ரயில், அன்று காலை பத்து மணியோடு சரியாக நானூற்று ஐம்பத்தாறு மணி நேரம் தாமதம். அதாவது பத்தொன்பது நாள். அதைக் கரும்பலகையில் எழுதி, மணிக்கொரு தரம் அழித்துத் திருத்துவதாக அந்த ஸ்டேஷனின் மாஸ்டர் போனில் சொன்னார்.

இந்த முனையில் ஐந்தாவது ஸ்டேஷன் மாஸ்டர் "அப்படியா மச்சான்" என்றார். பேசியவர் இவருடைய மனைவியின் அண்ணன்.

உண்மையில் தாமதமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கிளைப்பாதையே இப்போது ஐந்தாவது ஸ்டேஷனோடு சரி. ஆறாவதை மூடும் உத்தரவு இவர் கைக்குத்தான் வந்தது. அதைப் போனில் மச்சானுக்குப் படித்துக் காட்ட வேண்டும். இவர் நான்காக மடித்து, இழுப்பறையில் பழைய டார்ச்சுக்கு அடியில் செருகினார். மச்சானிடம் எஞ்சின் கோளாறு, ரயில் லேட்டாகும் என்றார். மனைவியிடம் பாதையில் மராமத்து என்றார்.

காரணம், இவருடைய ஒன்றரை அறை குவார்ட்டர்ஸ். ஸ்டேஷன் போனால் மச்சானுக்கு வேறு போக்கிடம் கிடையாது. போன முறை நாலே நாள்தான் தங்கினார். குளியலறையில் ஆறு நிமிடம் தாண்டினால் வெளியே நின்று விசில் ஊதினார். சாப்பாடு எத்தனை நிமிடம் பிந்தியது என்று சுவரில் சாக்பீஸால் எழுதினார். எங்கண்ணன் ஒழுங்கு உங்களுக்கு வருமா என்று மனைவி பூரித்துப்போனாள்.

ஆனால் பதற்றத்தில் மாஸ்டர் ஒரு விதியை மறந்துவிட்டார். ரயில் ரத்து என்றால் குவார்ட்டர்ஸுக்குப் போய்ப் படுக்கலாம். தாமதம் என்றால், அது வந்து சேரும்வரை நடைமேடையை விட்டு நகரக் கூடாது. மச்சான் நகரவில்லை. பச்சைக்கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு பெஞ்சிலேயே தூங்கினார். முதல் வாரம் மாஸ்டருக்கு இது வசதியாகத்தான் இருந்தது. இரண்டாவது வாரம் இவருக்குத் தூக்கம் போனது.

"இன்னொண்ணு மாப்ளே," என்றார் மச்சான். "எட்டுத் திருடனுங்க. பட்டப்பகல்ல தண்டவாளத்தைக் கழட்டறானுங்க. கேட்டா ஆபீஸ்ல அனுப்பிச்சாங்களாம். தண்ணி தரேன் வாங்கடான்னு கூப்பிட்டு, வெயிட்டிங் ரூம்ல போட்டுப் பூட்டிட்டேன். போலீஸுக்கும் சொல்லியாச்சு."

கதவை இடிக்கும் சத்தம் போனிலேயே கேட்டது. போலீஸ் வந்தால் கம்பி எண்ணப்போவது அந்த எட்டுப் பேர் இல்லை.

"அண்ணனா?" டீயோடு மனைவி வாசலில் நின்றாள். "நம்ம வீட்டுக்கு எப்பதான் வருதாம்? கேளுங்களேன்."

மாஸ்டர் இழுப்பறையைத் திறந்து, டார்ச்சை ஒதுக்கிக் காகிதத்தை எடுத்தார். ஒன்றரை அறையையும் அந்த விசிலையும் ஒரு முறை நினைத்துக்கொண்டார்.

"மச்சான், அவங்களைத் திறந்து விட்டுடுங்க. ரயில் வராது. உங்க ஸ்டேஷனை மூடிப் பத்தொன்பது நாள் ஆச்சு. நான்தான் சொல்லலை."