மேற்கு வெளிப் பாதை

புருசன் சந்தியோகுவைப் புதைத்த மறுநாள் காலை கிறேசம்மா குடத்தோடு வெளியே வந்தபோது வாசலிலிருந்து ஊருக்குப் போகும் ஒழுங்கை அடைக்கப்பட்டிருந்தது. இரண்டு பக்கக் கல்வேலிகளுக்கும் நடுவில் இடுப்பளவுக்குக் கல் அடுக்கி, மேலே முள்ளுப் பனங்கருக்குமட்டை போட்டிருந்தார்கள். நெடுந்தீவில் வாந்திபேதி தொடங்கியதிலிருந்து நோய் விழுந்த வீடுகளுக்கு இதுதான் நடந்தது. நல்லதண்ணிக் கிணறு அடைப்புக்கு அந்தப் பக்கம். வீட்டுக்குள் மகள் வயிற்றாலை போய்க் கிடந்தாள்.

கடைசி மட்டையை வைத்துக்கொண்டு நின்றவன் அவளுடைய தமையன் பஸ்ரியாம்பிள்ளை.

"அண்ணை, ஒரு குடம் தண்ணி. பிள்ளைக்கு நாக்கு வறண்டு போச்சு."

"ஏலாது கிறேஸ். ஊர் கூடி எடுத்த முடிவு."

"நீங்கள் அள்ளி வைச்சிட்டுப் போங்கோ. நான் தள்ளி நிக்கிறன்."

"நோய் வீட்டுக் குடத்தை நான் எப்பிடித் தொடுறது? எனக்கும் நாலு பிள்ளையள் இருக்குதுகள்."

அவளுக்குக் கோபம் வரவில்லை. புருசனைக் குழிக்குள் இறக்கியபோதும் ஒன்றும் வரவில்லை. திரும்பி, பின்வேலியில் ஏறிக் குதித்து மேற்கு வெளிக்குள் நடந்தாள். அங்கே மாடுகள் குடிக்க வெட்டிய ஆழமில்லாத ஒரு துரவு இருந்தது. உப்புக் கரிக்கும் சவர்த் தண்ணீர். போக வர ஒரு மணித்தியாலம். வழி என்று எதுவும் இல்லை, நெருஞ்சியும் கல்லும்தான். தண்ணீரைக் கொதிக்கவைத்து மகளுக்குக் கரண்டி கரண்டியாகப் பருக்கினாள். ஒரு நாளைக்கு மூன்று தரம் நடந்தாள். நடக்கும்போது எதையும் நினைக்கவில்லை. செபம்கூட வாயில் வரவில்லை.

ஐந்தாம் நாள் மகள் எழும்பி இருந்து கஞ்சி கேட்டாள். அன்றுதான் தனக்குப் பின்னால் அடுத்த ஒழுங்கை அன்னபூரணமும் குடத்தோடு வருவதைக் கிறேசம்மா கண்டாள். அவள் வீட்டிலும் இரண்டு சாவு. பிறகு இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். புல் செத்து, ஒரு அடி அகலத்தில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது.

பதினோராம் நாள் அவள் தண்ணீரோடு திரும்பி வரும்போது அந்தக் கோட்டில் எதிரே ஒரு ஆண் வந்தான். பஸ்ரியாம்பிள்ளை. சவரம் செய்யாத முகம். கையில் வெறுங்குடம்.

"என்ரை சின்னவன் செத்துப்போனான், கிறேஸ்," என்றான். "எங்கடை ஒழுங்கையையும் அடைச்சுப் போட்டாங்கள்."

அவள் நெருஞ்சிக்குள் இறங்கி வழி விட்டாள். அவன் கடக்காமல் நின்றான்.

"துரவு எங்கை கிடக்கு?"

"பாதையாலை போங்கோ அண்ணை. தவற மாட்டியள்."

அவன் நடந்தான். தன் காலில் முள் ஏறியது தெரிந்தும் அவள் அசையவில்லை. தூரத்தில் வெளியில் திரியும் காட்டுக் குதிரைகள் தலை நிமிர்ந்து அவனைப் பார்த்தன. பிறகு மேயத் தொடங்கின.