ஆறாத எரு

தோமஸ் முள்ளிவாய்க்காலில் சொந்த வள்ளம் வைத்திருந்தவர். போரால் கடலுக்குப் போக முடியாமல் போனதும், மனைவி யூலிற்றாவோடு தருமபுரத்துப் பக்கம் வந்து, கிடைத்த துண்டுக் காணியில் கொட்டில் போட்டார். தோட்டம் செய்து பழக்கமில்லை. அதை வெளியில் சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை.

பக்கத்துக் காணி சிவலட்சுமியுடையது. கலவரத்துக்குத் தப்பி மலையகத்திலிருந்து வந்து, காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். அரசின் பொருளாதாரத் தடையால் யூரியா உரம் வன்னிக்குள் வராத காலம் அது. அவள் தன் கௌபிப் பயறு விதையில் தோமசுக்கும் கொடுத்தாள், அடுத்த கொட்டிலில் பிள்ளைகளோடு தனியே இருந்த வீரம்மாவுக்கும் கொடுத்தாள்.

"அண்ணே, கோழி எருவைப் பச்சையா போட்டுடாதீங்க. இலை தழையோட குவிச்சு வச்சு, சூடு ஆறி, மண்ணு மாதிரி உதிரணும். இப்போதைக்கு எங்க குப்பையில மக்கின எரு கிடக்கு, அள்ளிக்கிங்க."

"எனக்குத் தெரியும்" என்றார் தோமஸ்.

இன்னொருவர் குப்பைமேட்டில் பனையோலைக் கடகத்தோடு போய் நிற்க அவருக்கு மனம் வரவில்லை. சந்தியடியில் கோழி வளர்த்தவரிடம் ஈர எருவைக் கேட்டு வாங்கி, சைக்கிளில் கட்டி வந்து, பாத்தி நிறையக் கொட்டி, அதற்குள்ளேயே விதையைப் போட்டார். அள்ளிப் போட்டால் அள்ளி விளையும் என்று நினைத்தார்.

ஒன்றும் முளைக்கவில்லை.

கிணற்றடியில் வீரம்மா கேட்டாள். "என்னண்ணே, உங்க பாத்தி வெறுமனே கிடக்கு?"

"அது செத்த விதை. பழசைத் தள்ளிவிட்டிட்டா அந்த மனுசி. நீங்களும் விதைச்சு மெனக்கெடாதேங்கோ."

சிவலட்சுமியின் காணி பள்ளம். மழைத் தண்ணீர் வடியட்டும் என்று அவள் பிந்தித்தான் விதைத்தாள். அந்த விதை முளைத்து, நிலம் முழுவதும் இரண்டிலை விரித்து நின்ற காலை, யூலிற்றா தங்கள் பாத்தியைக் கிளறிப் பார்த்தாள். ஊறி உப்பிய விதைகளில் வேர் நுனி கருகிக் கிடந்தது. கையில் ஏந்தி வந்து கணவனிடம் காட்டினாள்.

"முளைக்கத்தான் வெளிக்கிட்டிருக்கு. எருச் சூடு அவிச்சுப்போட்டுது. விதையில பிழையில்லை."

தோமசுக்குக் காது மடல் சுட்டது. உடனே வீரம்மாவின் கொட்டிலுக்குப் போனார்.

"பிள்ளை, அந்த விதை நல்ல விதைதான். நான்தான்..."

"அவிச்சுப் பிள்ளைங்களுக்குக் குடுத்துட்டேனேண்ணே" என்றாள் அவள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

அங்கிருந்து சிவலட்சுமியின் படலைக்குப் போய், கிணற்றடியில் சொன்னதையும், அதை நம்பி வீரம்மா விதையை அவித்துவிட்டதையும் ஒன்றும் மறைக்காமல் சொன்னார். அவள் முகம் வாடிப் போயிற்று.

"என் விதைய அப்படிச் சொல்லிட்டீங்களேண்ணே. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

பிறகு உள்ளே போய், மிச்சம் வைத்திருந்த விதையை அளக்கும் சுண்டில் கொண்டு வந்து நீட்டினாள். தோமசுக்குக் கை எழவில்லை. "வீரம்மாவுக்குத்தானே, பிடிங்க" என்று அவளே அவர் கையில் வைத்தாள்.

அன்று அந்தக் குப்பைமேட்டில் நின்று எருவை அள்ளினார். கறுத்து, உதிர்ந்து, மழை மண்ணின் வாசத்தோடு இருந்தது அது. கடகத்தைத் தலையில் வைத்து, சனம் பார்க்க ஒழுங்கையால் நடந்து, வீரம்மாவின் நிலத்தில் பரப்பிக் கொத்தி விதைத்தார். விதை பழுதில்லாமல் முளைத்தது. ஆனால் மழை முடிந்துவிட்டது. தினமும் விடியமுன் கிணற்றிலிருந்து வாளியில் அள்ளி ஊற்றிவிட்டு, அவள் எழும்புவதற்குள் திரும்பிவிடுவார். யூலிற்றாவோடு கதைக்கும் வீரம்மா அவரோடு கதைப்பதில்லை. அதுவும் நியாயம்தான் என்று அவருக்குப் பட்டது.

ஒருநாள் அவள் வேளைக்கே எழும்பிப் பாத்தி ஓரம் நின்றாள்.

"பூ வந்திருச்சு. இனிமே தண்ணி நான் ஊத்திக்கிறேன்."

"ஓம்" என்றார் தோமஸ். பூவைப் பார்க்கவோ அவளைப் பார்க்கவோ தலை நிமிரவில்லை. வாளியில் மிச்சமிருந்த தண்ணீரைக் கடைசிச் செடிக்கு மெல்ல ஊற்றிவிட்டு, வெறும் வாளியோடு படலையைத் தாண்டிப் போனார்.