கையெழுத்துக்குக் கடைசி நாள்

வாசலில் கிடந்த செருப்புகளை மறுபடியும் ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள் மகள். அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அங்கே போய் உட்கார்ந்தால் அழுகை வரும். அழ ஆரம்பித்தால் யாராவது வந்து தலையைத் தடவுவார்கள். அதற்குச் செருப்பு எவ்வளவோ தேவலை.

குடிநீர் அலுவலகமே திரண்டு வந்து பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தது. அவர் உயிரோடு இருந்தபோது அவரைக் கண்டால் காத தூரம் ஓடியவர்கள். அங்கே அவருக்குப் பெயரே 'பிடித்தம்'. மாதா மாதம் எல்லார் சம்பளத்திலும் ஒரு சிறு தொகையைப் பிடித்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் விடுதிக்கு அனுப்ப ஏற்பாடு செய்வது அவராக இழுத்துத் தலையில் போட்டுக்கொண்ட வேலை. வெளியூர் நோயாளிகளோடு வருகிறவர்கள் இலவசமாகப் படுத்தெழும் இடம் அது. ஆனால் விருப்பமுள்ளவர்கள் வருஷா வருஷம் புதிதாகக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அலுவலகத்தில் பாதிப் பேர் சேராவிட்டால் அந்த வருஷத்துப் பிடித்தமே கிடையாது. அதனால் வருஷக் கடைசியில் அப்பா தோள்பையை மாட்டிக்கொண்டு மேசை மேசையாக அலைவார். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாரென்றால் கையெழுத்து வாங்காமல் எழுந்திருக்க மாட்டார். மகளின் கல்யாணத்தில்கூடச் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் அந்தப் பையோடு நின்றார் மனிதர். மானம் போயிற்று என்று அவள் பல நாள் அவரோடு பேசவில்லை.

கேட்டுக்கு வெளியே ஒருவர் உள்ளே வராமல் நின்றிருந்தார். மீட்டர் பிரிவு எழுத்தர். பை தெரிந்தாலே ஆள் காணாமல் போய்விடுவார் என்பதால் அப்பா அவருக்கு 'மாயாவி' என்று பெயர் வைத்திருந்தார். "இன்னிக்கு பாத்ரூம்ல ஒளிஞ்சுக்கிட்டான். நான் விடுவேனா? வெளியிலயே நாற்காலி போட்டு உக்காந்துட்டேன்ல" என்று வீட்டில் வந்து சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். நேற்று மாயாவி ஆபீஸ் மொட்டைமாடியில் ஒளிந்திருந்தார். லிஃப்ட் ஓடவில்லை. அப்பா படியேறினார். கடைசித் திருப்பத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் அப்புறம் எழவில்லை.

இது எல்லாருக்கும் தெரிந்திருந்தது, யாரும் வாய் திறக்கவில்லை. மகளுக்கு அந்த ஆளைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்தாள். நாற்காலிகளில் இருந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனாள். அங்கே மேலாளர் பக்கத்து ஆளிடம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

"கையெழுத்து வாங்குறது இன்னிக்கு சாயந்தரத்தோட முடியுது. இன்னும் ஏழெட்டுப் பேர் சேந்திருந்தா பாதி வந்திருக்கும். போகட்டும், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"அதுவரைக்கும் விடுதி என்ன ஆகும் சார்?" என்று அவள் கேட்டாள்.

அவர் திடுக்கிட்டுத் தம்ளரை வாங்கிக்கொண்டார். "மூடிடுவாங்கம்மா. வேற என்ன பண்ண முடியும்?"

அவள் உள்ளே போனாள். ஆபீஸ்காரர்கள் கொண்டுவந்து கொடுத்த பை ஆணியில் தொங்கியது. கை வைத்ததுமே அம்மாவின் குரல் வந்தது.

"அதைத் தொடாதே. அந்தப் பைதான் மனுஷனைக் கொண்டுபோயிடுச்சு."

"இன்னிக்குக் கடைசி நாள்மா."

"அவரை இப்படிப் படுக்க வெச்சுக்கிட்டுக் கையெழுத்து கேக்கப் போறியா? சிரிப்பாங்கடி."

"சிரிக்கட்டும். இத்தனை வருஷமா சிரிக்கலையா?"

அம்மா அப்பாவின் நெற்றியில் உட்கார வந்த ஈயை விரட்டினாள். மகள் பையைத் தோளில் மாட்டியபோது, திரும்பாமலே சொன்னாள்: "அதுல இருக்கற பேனா எழுதாது. கதவுக்குப் பின்னாடி சட்டையில ஒண்ணு இருக்கும் பாரு."

பேனாவோடு வெளியே வந்தாள். எல்லார் கண்ணும் பையின்மேல் இருந்தது. யாரிடம், எப்படி ஆரம்பிப்பது? அப்பாவுக்கு எங்கிருந்து வந்தது அந்தத் துணிச்சல்? நாற்காலிகளையெல்லாம் கடந்து விறுவிறுவென்று கேட்டுக்குப் போனாள். மாயாவி பையைக் கண்டதும் பழக்க தோஷத்தில் ஓர் அடி பின்னால் வைத்தார்.

"ஓடாதீங்க மாமா. தேடி வர இனிமே ஆள் இல்ல."

அவர் முகம் செத்துப்போயிற்று. "அம்மாடி, அது ஒரு விளையாட்டும்மா. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடைசிக் கையெழுத்து எப்பவும் என்னுதுதான். ஒரு வருஷம்கூடப் போடாம இருந்ததில்ல."

இதை அப்பா சொன்னதேயில்லை. அவர் சொன்னதெல்லாம் துரத்தியது மட்டும்தான். அவளுக்குக் கோபம் போகவில்லை, ஆனால் அதை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை.

"இந்த வருஷம் போடலையே" என்றாள்.

அவர் கையை நீட்டினார். பையிலிருந்து தாளை எடுத்துப் பேனாவோடு கொடுத்தாள். தாளைச் சுவரில் வைத்து அழுத்திக் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். அவள் வாங்காமல் பையையும் கழற்றி அவரிடம் நீட்டினாள்.

"மீதியை நீங்க வாங்குங்க மாமா. என்னால முடியல."

"நானா?"

"யார் யார் எங்கெங்க ஒளிவாங்கன்னு உங்களுக்குத்தானே தெரியும்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். கூடத்துக்குப் போய், காலையிலிருந்து போகாத இடத்தில், அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அம்மா கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

அங்கிருந்து ஜன்னல் வழியே வாசல் தெரிந்தது. மாயாவி முதல் தடவையாக கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். தோளில் பை தொங்கியது. அதைப் பார்த்துவிட்ட மேலாளர் மெல்ல எழுந்து செருப்பைக் கண்ணால் தேடினார். மாயாவி ஒரு காலி நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.