கட்டிலடியில் பொட்டு

சேந்தமங்கலத்திலிருந்து நாய்க்குட்டியைக் கலைமணி ஒரு துணிப்பைக்குள் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தாள். மலை ஏறும் வளைவுகளில் அது இரண்டு முறை வாந்தி எடுத்தது. மலைமேல் வளப்பூர் நாடு என்ற தன் ஊரில் இறங்கி, வீட்டுக்குள் கொண்டுபோய்த் தரையில் விட்டபோது நான்கு கால்களும் நடுங்க நின்றது. செம்மண் நிறம். நெற்றியில் மட்டும் வெள்ளையாக ஒரு திட்டு. அதைப் பார்த்துத்தான் பஸ்ஸிலேயே அவள் பொட்டு என்று பெயர் வைத்திருந்தாள்.

உள்ளே இரும்புக் கட்டிலில் அவள் கணவன் அர்த்தனாரி படுத்திருந்தான். ஆறு மாதங்களுக்கு முன்பு மிளகு பறிக்க, கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏறியவன், ஏணி நழுவிக் கீழே விழுந்தான். தொடை எலும்பில் பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, இனி தினமும் வாக்கரைப் பிடித்து நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அவனோ கழிவறைக்குப் போய்வருவதோடு சரி. மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தான். யாராவது நலம் விசாரிக்க வந்தால் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வான். மரத்திலிருந்து விழுந்ததைப் பற்றி யாரிடமும் அவன் பேசியதில்லை.

குட்டியைப் பார்க்கலாம் என்று எழுந்து அவன் வாக்கரை ஊன்றினான். அதன் அடியில் இருந்த ரப்பர்கள் எப்போதோ தேய்ந்து கழன்றுவிட்டன. அலுமினியக் கால் சிமெண்டுத் தரையில் டங்கென்று இடித்தது. பொட்டு நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்தது. மறுகணம் கட்டிலுக்கு அடியில் பாய்ந்து, ராகி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவே புகுந்துகொண்டது. அன்று முழுக்க வெளியே வரவில்லை.

குட்டியைக் கொடுத்தது கலைமணியின் அண்ணன் முரளி. லாரிப் பட்டறையில் வெல்டிங் வேலை செய்பவன். அவள் போனில் கேட்டபோதுதான் முழு விவரத்தையும் சொன்னான். பட்டறை மூலையில் ஈன்ற நாய்க்கு நான்கு குட்டிகள். சாய்த்து வைத்திருந்த இரும்புத் தகடு ஒருநாள் சரிந்து விழுந்ததில் இது ஒன்றுதான் மிஞ்சியது. தாய் நாய் அதன்பிறகு அந்தப் பக்கமே வரவில்லையாம்.

இரண்டாம் நாள் கலைமணி கையை விட்டுக் குட்டியை வெளியே இழுத்துப் பார்த்தாள். அது கடிக்கவில்லை, கத்தவும் இல்லை. நடுங்கிக்கொண்டே இருந்தது. மனசு கேட்காமல் திரும்ப உள்ளேயே விட்டுவிட்டாள். மரவள்ளிக் காட்டில் காட்டுப்பன்றி இறங்குகிறது, காவலுக்கு ஆகும் என்று சொல்லித்தான் அவள் அதைக் கொண்டுவந்திருந்தாள். ஸ்பூன் விழுந்தாலே ஒளிகிற குட்டியா பன்றியை விரட்டும், அண்ணனிடமே திருப்பிக் கொடுத்துவிடு என்றான் அர்த்தனாரி.

அந்த வாரம் ஆடுகளுக்குத் தடுப்பூசி போட கால்நடை டாக்டர் வித்யாஸ்ரீ ஊருக்கு வந்தார். கலைமணி அவரை வீட்டுக்கு அழைத்து வந்தாள். டாக்டர் குட்டியின் பக்கம் திரும்பவே இல்லை. தரையில் உட்கார்ந்து, வாசலைப் பார்த்தபடி தணிந்த குரலில் பேசினார். இழுக்காதீர்கள், உற்றுப் பார்க்காதீர்கள், அந்த மூலைதான் இப்போதைக்கு அதன் வீடு என்றார். சோறும் தண்ணீரும் அங்கேயே வைக்க வேண்டும். எதைக் கண்டு பயப்படுகிறதோ அதை ஒளித்துவைக்காமல், அதன் சத்தத்தை மட்டும் குறைத்து, பக்கத்தில் பிடித்த தீனியைப் போட வேண்டும். ஆள் ஒருவர் தினமும் சும்மா அருகில் இருந்தால் போதும்.

பகலில் வீட்டில் யார் இருப்பது என்று டாக்டர் கேட்டார். அங்கன்வாடியில் சமையல் வேலை பார்க்கும் கலைமணி ஒன்பது மணிக்குப் போனால் மதியம்தான் திரும்புவாள். அவள் கணவனைப் பார்த்தாள்.

"அப்படின்னா இது உங்க வேலைங்கண்ணா," என்றார் டாக்டர். "ஆனா கட்டில்ல படுத்திருக்கக் கூடாது. நீங்க புரள்ற சத்தமெல்லாம் அதோட தலைக்கு மேலதான் கேக்கும். சேர்ல உக்காருங்க."

அர்த்தனாரி முனகினான். ஆனால் அந்தப் பேச்சு அவனை உறுத்தியது. தான் புரளும்போதெல்லாம் கீழே ஒரு உயிர் நடுங்கிக்கொண்டிருந்தது என்பதை அவன் யோசித்ததே இல்லை. மறுநாள் காலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். முதல் நாள் அரைமணி நேரம்கூட முடியவில்லை, இடுப்பு கடுத்தது. இரண்டாம் நாள் ஒரு மணி நேரம் உட்கார்ந்தான். பழைய சைக்கிள் டியூபை வெட்டி வாக்கரின் நான்கு கால்களிலும் இறுக்கிச் சுற்றினான். அதைக் கட்டிலுக்கு எதிரே நிறுத்தி, அதன் காலடியில் வேகவைத்த முட்டையைப் பிட்டுப் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மூன்றாம் நாள் திரும்பிப் பார்த்தபோது முட்டையைக் காணவில்லை. அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது, இன்னொரு துண்டைப் பிட்டுப் போட்டான்.

சும்மா உட்கார்ந்திருக்கச் சங்கடமாக இருந்ததால் ஒருநாள் பேச ஆரம்பித்தான். முதலில் மழை, மிளகு விலை என்று ஏதேதோ. பிறகு, எப்படியென்று தெரியாமலே, அந்த மரத்துக்கு வந்துவிட்டான். ஏணி நழுவியது, கை பிடித்த கொடி பிய்ந்து வந்தது, தன் எலும்பு முறியும் சத்தம் தன் காதிலேயே விழுந்தது, இனி அவ்வளவுதான் என்று நினைத்தது எல்லாவற்றையும் ஜன்னலைப் பார்த்தபடி சொல்லி முடித்தான். கட்டிலடியிலிருந்து பொட்டு மூக்கை மட்டும் நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தது. அன்று சீக்கிரமே வீடு திரும்பிய கலைமணி வாசலில் நின்று முழுவதையும் கேட்டாள். அவன் பேச்சு நின்று வெகுநேரம் கழித்தே, அப்போதுதான் வருபவள்போல் உள்ளே வந்தாள். கண்ணைத் துடைத்திருந்தாள். அவன் கவனிக்கவில்லை.

அதன்பிறகு வாக்கரை ஒரு அடி நகர்த்துவான். முட்டைத் துண்டைப் போடுவான். குட்டி வரும்வரை நிற்பான். அது வந்து தின்றுவிட்டு ஓடியதும் இன்னொரு அடி. குட்டிக்காக நின்று நின்றே அவன் கால்களுக்குப் பலம் வந்தது. நடுவில் ஒருநாள் கை தவறி எவர்சில்வர் தட்டைப் போட்டுவிட்டான். இரண்டு நாள் பொட்டு தலைகாட்டவே இல்லை. அவனுக்குத் தன்மேலேயே கோபமாக வந்தது. மறுபடியும் முதலிலிருந்து, நாற்காலியும் ஜன்னலுமாகத் தொடங்கினான்.

ஒரு மாதம் கழிந்திருக்கும். மதியம் கலைமணி வந்தபோது கட்டில் காலியாக இருந்தது, நாற்காலியும் காலி. கழிவறைக் கதவு திறந்து கிடந்தது. எங்கேயாவது விழுந்து கிடக்கிறானோ என்று பதறிப் பின்பக்கம் ஓடினாள்.

பலா மரத்தடியில் அவன் வாக்கரைப் பிடித்து நின்றுகொண்டிருந்தான். வாக்கரின் கால்களுக்கு நடுவே பொட்டு படுத்து, டியூப் ரப்பரைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

அவள் பேச வாயெடுக்க, அவன் மெல்லக் கையமர்த்தினான். பிறகு குட்டியைப் பார்த்தபடியே சொன்னான்.

"ஆறு மாசமா நீயும் என்னைய இப்பிடித்தான் பாத்துக்கிட்டே. சோத்த வெச்சுட்டு ஒண்ணுங் கேக்காமப் போயிருவே. நான் மொகத்தக்கூடத் திருப்ப மாட்டேன். ஒருநாளாவது புடிச்சு இழுத்தியா நீ?"

கலைமணி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இழுத்துப் போட்டறலாம்னு எத்தனையோ நாள் தோணுச்சுங்க," என்றாள்.

அவன் சிரித்தான். விழுந்த பிறகு அவன் சிரித்து அவள் கேட்டது அன்றுதான்.

"நெசமாத்தான் சொல்றேன் கலைமணி. இந்தக் குட்டிகூட உக்காந்தப்பதான் சும்மா காத்திருக்கறது எவ்வளவு கஷ்டம்னு தெரிஞ்சுது. நீ வேலைக்கும் போயி, காட்டையும் பாத்து, எனக்காகவும் காத்திருந்தே. நல்லா இரு சாமி."

திருமணமான பன்னிரண்டு வருடத்தில் அவன் அப்படிப் பேசியதில்லை. அவள் அவன் பக்கத்தில் போய் நின்றாள். பொட்டு தலையைத் தூக்கிப் பார்த்தது, ஓடவில்லை. அவள் புடவை ஓரத்தை ஒருமுறை முகர்ந்துவிட்டு மறுபடி ரப்பரைக் கடிக்கப் போனது.

அடுத்த தடுப்பூசி முகாமுக்கு வித்யாஸ்ரீ வந்தபோது, அது நடந்த ஊர் மந்தைவரை அர்த்தனாரி தானே நடந்து போனான். குட்டி நன்றாக இருக்கிறது என்று சொல்லி ஒரு முழுப் பலாப்பழத்தை அவர் வண்டியில் ஏற்றச் சொன்னான். டாக்டர் அவன் காலைப் பார்த்தார்.

பொட்டுவுக்கு இன்றும் லாரிச் சத்தம் கேட்டால் ஆகாது. கட்டிலடிக்குப் போய்விடும். கணவனும் மனைவியும் கூப்பிட மாட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அதுவே எழுந்து வரும். வந்து இருவருக்கும் நடுவே சுருண்டு படுத்துக்கொள்ளும்.