மைக்கில் சொன்ன வாக்கு

செபக் கூட்டத்தில் சாட்சி சொல்லும்போது றொகான் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லிவிட்டான். அதுதான் இப்போது டெனிஷாவின் கழுத்தை நெரித்தது.

யுத்தம் முடிந்து, மீனவருக்குக் கடல் திறந்த பிறகு, கடலட்டை குளிக்க ஆழத்துக்கு இறங்கியவர்களில் அவள் புருசன் றொகானும் ஒருவன். ஒருநாள் அவசரமாக மேலே வந்ததில், இரத்தத்தில் காற்றுக் குமிழ் கட்டி, இரண்டு கால்களும் உணர்வற்று விழுந்துபோயின. சிலாபம் ஆஸ்பத்திரியில் டொக்டர், இனி ஆழத்துக்கு இறங்கினால் உயிருக்குப் பொறுப்பில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். தடி ஊன்றித் தள்ளாடியவனை, அவனைப் பெற்ற கத்தோலிக்க மாமி எமிலியா முறைக்க முறைக்க, பாலாவியில் நடந்த செபக் கூட்டத்துக்குக் கூட்டிப் போனவள் டெனிஷாதான். பிரசங்கியார் தலையில் கைவைத்துச் செபித்தார். றொகான் தடியைப் போட்டுவிட்டு நடந்தான். மண்டபமே அழுதது. மைக்கை வாங்கியவன், “விழுந்த அதே ஆழத்தில இறங்கிக் காட்டுவேன்” என்றான். எல்லோருக்கும் மேலாக ‘அல்லேலூயா’ என்று கத்தியவளும் அவள்தான்.

இன்று விடிந்ததும் கடலுக்குக் கிளம்பிவிட்டான்.

“அற்புதமெல்லாம் அப்போஸ்தலர் காலத்தோட முடிஞ்சுது புள்ள,” என்றாள் எமிலியா, குசினி வாசலில் நின்று. “இப்ப நடக்கிறது மைக் செட்டுக்காரன்ட பிழைப்பு.”

“அப்ப ஏன் மாமி அந்தோனியாருக்கு நேர்த்தி வைக்கிறீங்க? அவர் அப்போஸ்தலரா?”

எமிலியா கடற்கரைப் பக்கம் கையை நீட்டினாள். “வாய்க்கு மட்டும் குறைச்சலில்ல. ஓடிப் போய் அவனை மறி. பெத்தவள்ட கதை அவனுக்கு ஏறாது. நீ சொன்னா நிப்பான்.”

டெனிஷா ஓடினாள்.

கரையில் கூட்டாளி தாஹிரின் படகில் காற்றுச் சிலிண்டர்கள் ஏறிவிட்டன. ஆளை ஆழத்துக்கு இழுக்கும் ஈயப் பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு றொகான் வெறுங்காலோடு வந்துகொண்டிருந்தான்.

“மச்சான், டொக்டர் சொன்னது மறந்து போச்சா?” என்று படகிலிருந்து தாஹிர் கத்தினான். “உன்ட மய்யத்தைத் தூக்கிக்கிட்டு வர எனக்கு ஏலாது!”

“பெரிய டொக்டர் வேற சொல்லிட்டார்டா!” றொகான் வானத்தைக் காட்டினான்.

“இண்டைக்குப் போக வேணாம்,” என்று டெனிஷா குறுக்கே நின்றாள்.

அவன் முகம் மாறியது. “நீயா சொல்ற? போகாட்டிக் கர்த்தரைப் பொய்யராக்கின மாதிரி. அத்தனை பேருக்கு முன்னால சொன்னேனே!”

டெனிஷா தலைகுனிந்தபோதுதான் பார்த்தாள். அவன் நடந்து வந்த ஈர மணலில், இடது கால் பதிந்த இடமெல்லாம் சிவப்பு. எங்கோ மட்டிச் சிப்பியை மிதித்திருக்கிறான். மிதித்தது அவனுக்குத் தெரியவில்லை.

காலில் உணர்வு திரும்பவில்லை என்று சொன்னால் அந்த முகத்தின் வெளிச்சம் அணைந்துவிடும். கலியாண நாளுக்குப் பிறகு அதை அவள் கண்டது அந்த மண்டபத்தில்தான். சொல்லாவிட்டால்? தாஹிர் எஞ்சினை முடுக்கினான்.

“இடது காலைத் தூக்குங்க.”

“என்னடி விளையாட்டு?”

“தூக்குங்க!”

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு தூக்கினான். குதிகாலில் சிப்பி ஓடு குத்தி நின்றது. அதைத் தானே பிடுங்கினான். கண் இமைகூட அசையவில்லை.

“நோகுதா?”

அவன் காயத்தை விரலால் அழுத்திப் பார்த்தான். “இல்ல.” பிறகு குரல் தணிந்து கேட்டான்: “அப்ப கர்த்தர் ஒண்டும் செய்யலையா டெனிஷா?”

“நடக்க வச்சார். அதை நான் யாருக்கும் விட்டுத் தரமாட்டேன். அவர் தராத மிச்சத்தை, தந்ததா நாங்களாத்தான் சொன்னோம். நீங்க மைக்கில, நான் தொண்டையில. அடுத்த கூட்டத்தில ரெண்டு பேரும் ஏறி அதையும் சொல்லுவம்.”

“சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும். நான் பக்கத்தில நிப்பேன்.”

றொகான் கடலைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். ஈயப் பட்டியைத் தாஹிரிடம் நீட்டினான். அவன் மனசு மாறுமுன் பறிப்பவன்போலத் தாஹிர் அதை வாங்கிப் படகுக்குள் போட்டான்.

டெனிஷா மணலில் குந்தி, சால்வையால் காயத்தைக் கட்டினாள். ‘இறுக்கமா?’ என்று கேட்க வாயெடுத்தவள், கேட்காமல் விட்டாள்.