ஏழு சூசைமேரிகள்

5 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

ஒரு சின்னத் தவறு செய்திருக்கிறேன். செய்து மூன்று மாதம் ஆகிறது, இன்றுதான் தெரிந்தது. வம்சப் படத்தில் அம்மாவின் கட்டத்துக்குள் 'பிறப்பு: 10.6.1974' என்று பேனாவால் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன். வகுப்பெடுக்கும் இல்மா, அம்மா வளர்ந்த விடுதியின் சேர்க்கைப் படிவ நகலை என் முன்னால் வைத்து, "சேர்ந்த தேதியப் பாருங்க" என்றாள். 10.6.1979. அன்றைக்கு அம்மாவுக்கு என்ன வயது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. எழுதியவர் ஐந்து என்று வைத்துக் கழித்துவிட்டார். அந்தத் தேதிக்குத்தான் நாங்கள் வருஷா வருஷம் கேக் வெட்டுகிறோம்.

"காகிதத்துல இருந்தா உண்மைன்னு எடுத்துக்காதீங்க இனியா. இதைச் சொன்னது யாரு, எழுதினது யாரு? அந்த ரெண்டு பேரையும் மொதல்ல தெரிஞ்சுக்கங்க" என்றாள். இல்மா என்னைவிட இரண்டு வயது இளையவள். வகுப்பில் இருந்த பதினோரு பேர் முன்னால் எனக்குக் காது சூடாகிவிட்டது.

செவ்வாயும் வியாழனும் வேலை முடிந்து நூலகக் கூடத்துக்கு இந்தக் குடும்ப வரலாற்று வகுப்புக்கு ஏன் போகிறேன் என்று நோட்டில் எங்கேயும் எழுதவில்லை. இப்போது எழுதி வைக்கிறேன்.

அக்கா நவ்யாவுக்குச் செப்டம்பர் பதினொன்றாம் தேதி கல்யாணம். பெண்ணுக்குத் தாய்மாமன் மாலை போட்டு மணவறைக்கு அழைத்து வர வேண்டும். அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் என்று யாரும் இருப்பதாகத் தெரியாது. அவிநாசிப் பக்கம் ஒரு மிஷன் விடுதியில் அம்மாவைப் பெற்றவள் கொண்டுவந்து விட்டுப் போனாள். திரும்ப வரவில்லை. அதற்கு முந்தைய எதுவும் அம்மாவுக்கு நினைவில்லை. அங்கேயே வளர்ந்து, பஞ்சாலை வேலைக்கு வந்து, அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அப்பா பெயர் மாசாணம், அம்மா பெயர் சூசைமேரி. எங்கள் வீட்டு அலமாரியில் மாரியம்மனும் மாதாவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள்.

போன ஞாயிறு அப்பாவின் அக்கா, மயிலாத்தாள் அத்தை, வந்திருந்தார். "மாமன் மாலைக்கு ஆளு நான் பாத்து வெக்கறேன் மேரி. இனியா வயசுக்கு வந்த சீருக்கு அந்தப் பால்காரரு நின்னாருல்ல, அவரையே நிறுத்திக்கலாம். மண்டபம், பந்தல், சோறு எல்லாம் செஞ்சுபோடலாம். பொறந்த ஊட்டை எங்க போயி வாங்கறது?"

அம்மா வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தாள். அத்தை போன பிறகு என்னிடம் மட்டும் சொன்னாள்: "ஒருத்தரு போதும் கண்ணு. ஒண்ணுவிட்டோ ரெண்டுவிட்டோ, யாரா இருந்தாலும் செரி. மணவறையில என்ற பக்கம்னு ஒருத்தரு நிக்கோணும்."

கையில் இருப்பது அந்தப் படிவம் ஒன்றுதான். தந்தை: மரியஅந்தோணி. தாய்: ஞானம்மாள், கைநாட்டு. அடியில் அவர்கள் பகுதிக் கிறிஸ்தவர்களுக்கான பங்குக் கோயிலின் பெயர். மூன்று சனிக்கிழமை அந்தக் கோயிலுக்குப் போய் 1972 முதல் 1976 வரைக்குமான ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்துவிட்டேன். ஏழு சூசைமேரிகள் இருக்கிறார்கள். ஒருத்திக்கும் அப்பா பெயர் மரியஅந்தோணி இல்லை. நான் வேலை பார்க்கும் துடியலூர் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஒரு விதி உண்டு: குழாயில் இரண்டு அடையாளம் பொருந்த வேண்டும், பெயர் மட்டும் பொருந்தினால் திருப்பி அனுப்பிவிட வேண்டும். அந்த விதிப்படி ஏழு பேரையும் அடித்துவிட்டேன். அடக்கப் பதிவேட்டிலும் மரியஅந்தோணி என்ற பெரியவர் இல்லை.

ஒரு பிறந்த தேதியையே ஒழுங்காகப் பார்க்கத் தெரியாதவள், ஒரு மனிதரை எப்படிக் கண்டுபிடிக்கப் போகிறேன்?

9 ஆகஸ்ட், சனி

மண்டபத்தை உறுதி செய்ய அம்மாவும் நானும் போனோம். மேலாளர் தனபால் பெரிய நோட்டைத் திறந்து வைத்து, தலையைத் தூக்காமல் கேட்டுக்கொண்டே எழுதினார்.

"பொண்ணோட அப்பா பேருங்க?"

"நவ்யா அப்பாங்க" என்றாள் அம்மா.

அவர் எழுதினார். எட்டிப் பார்த்தேன். பெண்ணின் தந்தை: நவ்யா.

"ஏனுங்க, நவ்யாங்கறது பொண்ணுங்க" என்றேன்.

தனபால் தலையைத் தூக்கினார். "பொண்ணு பேரு தெரியுதுங்க அம்மணி. நான் கேட்டது அவிய அப்பா பேரு."

அம்மா என்னைப் பார்த்தாள். "நீ சொல்லு கண்ணு."

"ஏம்மா, நீ சொன்னா அப்பா ஆயுசு கொறஞ்சு போயிருமா?"

"போயிருமோ என்னமோ. எதுக்கு வம்பு? உன்ற வாயிலயே வரட்டும்."

தனபால் சிரித்துக்கொண்டே அடித்து எழுதினார். "தெனமும் நாலு பேராவது இப்படித்தானுங்க. போன வாரம் ஒரு அம்மா 'சுரேசு அப்பா'ன்னாங்க. அந்தச் சுரேசே பக்கத்துலதான் நிக்கறாப்ல. நானும் சுரேசுன்னே எழுதிப்போட்டேன்."

நானும் சிரித்தேன். வெளியே வந்து செருப்பு மாட்டும்போதுதான் உறைத்தது. பையில் இருந்த படிவ நகலை அங்கேயே எடுத்துப் பார்த்தேன். கடைசி வரி: 'உடன் வந்தவர்: தாய் மட்டும்.'

சொன்னது யாரு? ஞானம்மாள். எழுதினது யாரு? பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில், வரிசையில் நிற்கிறவர்களை வேகமாக அனுப்பிக்கொண்டிருந்த ஒரு குமாஸ்தா. "புருஷன் பேரு?" என்று கேட்டிருப்பார். எடுத்துச் சொல்லப் பக்கத்தில் பிள்ளையோ மைத்துனரோ இல்லை. இருந்தது ஐந்து வயதுச் சூசைமேரி ஒருத்திதான். "மரியஅந்தோணி அப்பாங்க" என்று ஞானம்மாள் சொல்லியிருப்பாள். அவர் அதில் முதல் பாதியை மட்டும் எழுதியிருப்பார்.

அப்படியானால் மரியஅந்தோணி என் தாத்தா இல்லை. அம்மாவின் அண்ணன்.

இறந்துபோன ஒரு கிழவரைத் தேடி அடக்கப் பதிவேட்டைப் புரட்டியிருக்கிறேன். அறுபது வயதுகூட ஆகாத ஒரு மனிதரை அல்லவா தேடியிருக்க வேண்டும்!

எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்: இது ஊகம். பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன். அம்மாவிடம் சொல்லவில்லை. இது பொய்த்துப் போனால் அவளால் இரண்டாவது முறை தாங்க முடியாது.

13 ஆகஸ்ட், புதன்

அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பங்குக் கோயிலுக்குப் போனேன். அலுவலகத்தில் இருக்கும் கிளாடிஸ் அக்கா என்னைப் பார்த்ததும், "மறுபடியுமா? உன்னைய இந்தப் பங்குலயே சேத்துக்கலாம் போல இருக்குது" என்று சொல்லி அதே பதிவேட்டை எடுத்துத் தந்தார்.

இந்த முறை தந்தையின் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டேன். தாயின் பெயரை மட்டும் பார்த்துக்கொண்டே போனேன்.

ஐந்தாவது சூசைமேரி. பிறப்பு 2 நவம்பர் 1973. தாய் ஞானம்மாள். கையை எடுத்தேன். தந்தை சவரிமுத்து. ஜூன் மாதம் என் நோட்டில் நான் சிவப்பு மையால் அடித்த அதே பெண்.

அங்கிருந்து பின்னால் போனேன். எழுபத்தொன்று, எழுபது, அறுபத்தெட்டு. அண்ணனைத் தேடுகிறேன் என்று சொன்னதும் கிளாடிஸ் அக்காவும் வேலையை விட்டுவிட்டு மேஜையின் மறுபக்கம் வந்து தலைகீழாகப் படித்தார். என்னைவிட அவர் கண் வேகம்.

"இந்தா!" என்று விரலை வைத்தார். ஜூன் 1966. மரியஅந்தோணி. தந்தை சவரிமுத்து. தாய் ஞானம்மாள். ஓரத்தில் வேறொரு கையெழுத்தில், வேறொரு மையில், ஒரு குறிப்பு: 'திருமணம் 1991', பக்கத்தில் தொண்டாமுத்தூர்ப் பக்கத்து ஒரு பங்கின் பெயர்.

"எங்க கட்டுனாலும் ஞானஸ்நானம் வாங்குன கோயிலுக்குத் தகவல் அனுப்போணும். அதை ஓரத்துல ஏத்திருவாங்க" என்றார் அக்கா. "ஆளு இப்ப இருக்காரான்னு இது சொல்லாது. அங்கதான் கேக்கோணும்." சொல்லிக்கொண்டே தொலைபேசியை எடுத்துவிட்டார். யாருடனோ நலம் விசாரித்தார், திருவிழாவைப் பற்றிப் பேசினார், மழையைப் பற்றிப் பேசினார். நான் நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஒரு சீட்டில் பத்து இலக்கம் எழுதித் தந்தார். மரியஅந்தோணியின் மகன் வின்ஸ்டனின் எண்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்று கூப்பிட்டேன். "மரியஅந்தோணிங்கறவரைப் பாக்கோணுமுங்க."

"இன்சூரன்சுங்களா? அப்பா போன வாரமே வேண்டாம்னு சொல்லிப்போட்டாருங்க."

அப்பா சொன்னாராம். போன வாரம் சொன்னாராம். உயிரோடு இருக்கிறார்.

16 ஆகஸ்ட், சனி

பேருந்தில் போகும்போதே கேள்விகளை எழுதிக்கொண்டேன். விடையைக் கேள்விக்குள் வைக்கக் கூடாது என்பது வகுப்பில் கற்றது. 'உங்களுக்குச் சூசைமேரி என்று தங்கை உண்டா' என்று கேட்டால் ஆமாம் என்றுதான் வரும். அதனால் அவர் வாயில் இருந்து எதுவும் வரும்வரை நான் எந்தப் பெயரையும் சொல்லப் போவதில்லை.

மரியஅந்தோணி தென்னந்தோப்பில் இருந்தார். இரண்டு நாள் முன்பு யானை புகுந்து சொட்டுநீர்க் குழாயை மிதித்துவிட்டதாம். அவரும் வின்ஸ்டனும் உட்கார்ந்து வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒல்லியான மனிதர். நெற்றியைச் சுருக்கி என்னைப் பார்த்த பார்வையில் அம்மா இருந்தாள். அது சான்று ஆகாது என்று என்னை நானே அதட்டிக்கொண்டேன்.

"குடும்ப வரலாறு படிக்கறேனுங்க. உங்க பங்குப் பதிவேட்டுல உங்க பேரைப் பாத்தேன். கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?"

"இதை எதுக்குக் கேக்கறீங்க அம்மணி?" என்றார். பிறகு குழாயைக் கீழே வைத்தார். "ஒரு தங்கச்சி. இருக்குதா இல்லையான்னு தெரியாது."

"ஏனுங்க அப்படி?"

"அப்பன் செத்த பொறவு அம்மா என்னைய ஒரு தோட்டத்துல பண்ணைய வேலைக்கு உட்டுட்டு, தங்கச்சியக் கொண்டுபோயி அவிநாசிப் பக்கம் ஆஸ்டல்ல சேத்துச்சு. எழுபத்தொம்பது. அந்த வருசமே காய்ச்சல்ல அம்மாளும் போயிருச்சு. எனக்குப் பதிமூணு வயசு. பண்ணையத்த உட்டு வெளிய வாரதுக்கே ஏழு வருசமாச்சு. வந்ததும் மொத வேலையா அங்க போனேன். சவரிமுத்து மக சூசைமேரின்னு கேட்டேன். நோட்டைப் பொரட்டிப் பாத்துட்டு, சவரிமுத்துன்னு யாரு பேருமே இதுல இல்லைன்னுட்டாங்க. அடுத்த மாசம் மறுபடியும் போனேன். அதே பதிலு."

எழுதி வைத்த கேள்விகள் இன்னும் நான்கு இருந்தன. ஒன்றையும் கேட்கவில்லை. படிவ நகலை எடுத்து நீட்டினேன். அவரிடம் கண்ணாடி இல்லை. வின்ஸ்டன் வாங்கிப் படித்தான்.

"பெயர் சூசைமேரி. தாய் ஞானம்மாள். தந்தை..." நிறுத்தினான். "அப்பா, தந்தைன்னு உங்க பேரைப் போட்டிருக்குது."

"உங்க அம்மா அவிய புருஷன் பேரைச் சொல்லியிருக்க மாட்டாங்கல்லங்க" என்றேன். "உங்க பேரைச் சொல்லி, அவன் அப்பான்னு சொல்லியிருப்பாங்க. எழுதினவரு உங்க பேரோட நிறுத்திட்டாரு."

அவர் காகிதத்தை வாங்கி, எழுத்து தெரியாவிட்டாலும், வெயிலில் பிடித்துப் பார்த்தார். "அங்கயேதான் நின்னேன். அந்த நோட்டு என் முன்னாலதான் இருந்துச்சு. அதுக்குள்ளாற என்ற பேரே இருந்திருக்குது. அவிய எல்லாத்தையும் கேட்டாங்க, என்ற பேரை மட்டும் ஒருத்தரும் கேக்கலியே."

பிறகு வின்ஸ்டன், "அப்ப அந்தம்மா எனக்கு அத்தையா, அக்காவா?" என்றான்.

மரியஅந்தோணி வெடித்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே தோளில் கிடந்த துண்டை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டார். துண்டை எடுத்ததும் என்னைக் கேட்ட முதல் கேள்வி, "நீ யாரு கண்ணு?"

"அவங்க ரெண்டாவது பொண்ணுங்க, மாமா."

அக்காவின் கல்யாணத்தைச் சொன்னேன். வீட்டுக்குப் போன் போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். கையை ஆட்டி மறுத்தார். "நாப்பத்தாறு வருசத்தப் போன்ல பேசறதா? ஆடி இன்னைக்கோட முடியுது. தங்கச்சியும் மச்சானும் தட்டோட வந்து கூப்பிடட்டும். மொதப் பத்திரிகை தாய்மாமனுக்குத்தான் வெக்கோணும். முறைன்னு ஒண்ணு இருக்குதுல்ல?" அந்த அதிகாரம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

நாலு மணிக்கு வீடு வந்து அம்மாவிடமும் அப்பாவிடமும் சொன்னேன். வரிசையாக, ஒவ்வொரு காகிதமாக மேஜையில் வைத்துச் சொன்னேன். அம்மா காகிதத்தைப் பார்க்கவில்லை.

"தேடி வந்தாராமா?"

"ரெண்டு தடவ வந்திருக்காரும்மா."

"ஏனுங்க" என்று அப்பாவைக் கூப்பிட்டாள், அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தபோதும். "கேட்டீங்களா? ரெண்டு தடவ வந்திருக்காரு. என்னையத் தேடி ரெண்டு தடவ வந்திருக்காரு."

முகம் கழுவிக்கொண்டு வந்து என் போனை வாங்கினாள். மயிலாத்தாள் அத்தைக்கு அடிக்கச் சொன்னாள். ஒலிபெருக்கியையும் போடச் சொன்னாள்.

"அண்ணி, மாமன் மாலைக்கு ஆளு பாத்து வெக்கறேன்னீங்கல்லங்க? பாக்க வேண்டாமுங்க."

"ஏன் மேரி, பால்காரரு வரமாட்டேன்னுட்டாரா?"

"அவரு வந்து பந்தியில உக்காந்து சாப்பிடட்டுமுங்க. மாலை போடறதுக்கு எங்கண்ணன் வாராரு."

அப்பா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். நவ்யா அக்கா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். நான் பென்சிலில் எழுதியிருந்ததன்மேல் பேனாவால் எழுதினேன். அவசரத்தில் 'சவரிமுத்து' கோணலாக இருக்கிறது. இருக்கட்டும்.

நாளை ஆவணி ஒன்று, ஞாயிறு. காலை ஏழு மணிக்குள் கிளம்ப வேண்டும். வெற்றிலை, பாக்கு, இரண்டு சீப்புப் பழம், பூ வாங்க வேண்டும். அப்பாவின் வேட்டியை இன்றே தேய்த்து வைக்க வேண்டும். காந்திபுரத்தில் இறங்கித் தொண்டாமுத்தூர்ப் பேருந்து பிடிக்க வேண்டும். முதல் பத்திரிகையின் உறைமேல் எழுத வேண்டிய பெயர்: ச. மரியஅந்தோணி.